மண்டேலா மீது வழக்குப் போட்ட மருந்துக் கம்பெனிகள்

27 ஆண்டுகள் சிறையில் இருந்து மீண்ட நெல்சன் மண்டேலாவை யாராவது கோர்ட்டுக்கு இழுப்பார்களா? இழுத்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, நாற்பது மருந்துக் கம்பெனிகள் வரை! 1998 பிப்ரவரியில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றத்தில் தாக்கலான அந்த வழக்கில் முதல் எதிர்மனுதாரர், தென்னாப்பிரிக்க ஜனாதிபதி மண்டேலாதான்.

அவர் செய்த 'குற்றம்', 1997 டிசம்பரில் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டது. ஒரு மருந்து வெளிநாட்டில் மலிவாகக் கிடைத்தால் அங்கிருந்தே வாங்கிக்கொள்ள அந்தச் சட்டம் வழி செய்தது. அப்போது எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் ஆகும். தென்னாப்பிரிக்காவிலோ எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இந்தச் சட்டம் உலக வர்த்தக அமைப்பின் 'ட்ரிப்ஸ்' ஒப்பந்தத்துக்கு விரோதம் என்றன கம்பெனிகள். (வேறு நாட்டிலிருந்து மலிவாக வாங்குவதை ட்ரிப்ஸ் உண்மையில் தடுக்கவே இல்லை என்பது வேறு கதை.) அமெரிக்க அரசும் அவர்கள் பக்கம் நின்று தென்னாப்பிரிக்காவை மிரட்டியது. அங்குள்ள எய்ட்ஸ் ஆர்வலர்கள் 1999-ல் அல் கோரின் தேர்தல் கூட்டங்களில் புகுந்து கோஷம் போட்ட பிறகுதான் அந்த மிரட்டல் அடங்கியது.

தென்னாப்பிரிக்காவில் இந்தப் போராட்டத்தைத் தோளில் சுமந்தது 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்' என்ற இயக்கம். 1998 டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று, கேப் டவுனில் ஒரு தேவாலயப் படிக்கட்டில் ஒரு சிறு கூட்டத்தோடு தொடங்கியது. அதன் தலைவர் சாக்கி அஹ்மத்துக்கும் எச்.ஐ.வி. இருந்தது. அரசு மருத்துவமனையில் ஏழைக்குக் கிடைக்காத மருந்தைத் தானும் தொடமாட்டேன் என்று சபதம் செய்தார். 2000-ல் தாய்லாந்து போய், பூஞ்சைத் தொற்றுக்கான மலிவு மாத்திரைகளைச் சட்டத்தை மீறி வாங்கி வந்தார். காந்தியின் உப்பு இங்கே மாத்திரையாகிவிட்டது எனலாம்!

2001 மார்ச் 5-ல் விசாரணை தொடங்கியது. 'நீதிமன்றத்தின் நண்பர்' என்ற முறையில் இந்த இயக்கமும் வழக்கில் சேர்ந்துகொண்டது. திருப்பம் இங்கேதான். அதுவரை அரசும் கம்பெனிகளும் வர்த்தக விதி பற்றியே வாதாடிக்கொண்டிருந்தார்கள். மருத்துவ வசதி பெறுவது தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவு தரும் உரிமை, காப்புரிமை அதற்குப் பிறகுதான் என்று இயக்கம் வாதிட்டது. மருந்து விலைக்கும் ஆராய்ச்சிச் செலவுக்கும் கோர்ட்டில் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை வரவே, கம்பெனிகள் அவகாசம் கேட்டன. அதற்கு ஒரு மாதம் முன்புதான் இந்தியாவின் சிப்லா நிறுவனம், 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்திருந்தது. இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராததால் வந்த விலை அது. அதன் பிறகு 10,000 டாலரை யாரிடம் நியாயப்படுத்துவது? ஏப்ரல் 19 அன்று வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 14-ல் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பு, மக்கள் நலனைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளை ட்ரிப்ஸ் தடுக்கக்கூடாது என்று பிரகடனம் செய்தது.

ஆனால் கொடுமை என்னவென்றால், வழக்கில் ஜெயித்த அரசே மருந்து கொடுக்கவில்லை! மண்டேலாவுக்குப் பின் வந்த ஜனாதிபதி தாபோ எம்பெகி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே சந்தேகப்பட்டார். முன்பு அரசுக்கு ஆதரவாக நின்ற இயக்கம் இப்போது அரசு மீதே வழக்குப் போட்டது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கொடுக்கச் சொல்லி, 2002 ஜூலை 5-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாதமே மண்டேலா நேரில் போய், மருந்து சாப்பிடும்படி அஹ்மத்தைக் கேட்டுக்கொண்டார். அவர் மசியவில்லை. எல்லோருக்கும் சிகிச்சை தர 2003 ஆகஸ்டில் அரசு ஒப்புக்கொண்ட பிறகுதான் மாத்திரையைத் தொட்டார்.

தோஹா பிரகடனத்தின் கதை அவ்வளவு சுகமாகப் போகவில்லை. மருந்து தயாரிக்க முடியாத நாடுகள் வெளியிலிருந்து வாங்க 2003-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நிபந்தனைகளோ ஏராளம். 2008-ல் கனடாவிலிருந்து ருவாண்டாவுக்கு எய்ட்ஸ் மருந்து போனதுதான் அதன்படி நடந்த முதல் ஏற்றுமதி. 2005-ல் இந்தியாவும் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கத் தொடங்கியது. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், காப்புரிமை விதிகளை நிறுத்தி வைக்கும்படி உலக வர்த்தக அமைப்பிடம் கேட்டவை இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும்தான். 2022 ஜூனில் பதில் கிடைத்தது: தடுப்பூசிக்கு மட்டும், அதுவும் சில தளர்வுகள்.