மாமல்லைக்கு வழிகாட்டும் நூல்களும் நிலப்படங்களும்

பசிபிக் மாகடலில் மார்ஷல் தீவுகள் என்றொரு தீவுக்கூட்டம் உண்டு. அங்குள்ள மக்கள் காகிதம் இல்லாத காலத்திலேயே நிலப்படம் செய்தார்கள். தென்னை ஈர்க்குகளை வளைத்துக் கட்டி, இடையிடையே சிறு சோழிகளைப் பொருத்தினார்கள். சோழிகள் தீவுகளைக் குறித்தன; ஈர்க்குகள், தீவுகளில் மோதிக் கடலலைகள் வளையும் விதத்தைக் காட்டின. 1769ஆம் ஆண்டில் காப்டன் குக்கின் கப்பலில் ஏறிய துபாயியா என்ற பொலினீசியர், தம் நினைவிலிருந்த எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளைக் குறித்துக் கடற்படம் வரைய உதவினார். இன்று அத்தீவுகளின் வரலாற்றை ஆராய்பவர்கள், ஐரோப்பியப் பயணிகள் எழுதிய நூல்களை மட்டும் நம்புவதில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் இந்த ஈர்க்குப் படங்களையும் கடற்படங்களையும் வைத்துப் படிக்கிறார்கள்.

தொலைவிலுள்ள தீவுக்குப் பொருந்தும் இந்த முறை நம் வீட்டுக்கு அருகிலுள்ள கடற்கரைக்கும் பொருந்தும் அல்லவா? சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் இரயில் வழியில் பொத்தேரி இருக்கிறது. அங்கிருந்து மாமல்லபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர்தான். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போய், ஐந்து இரதங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் நம்மில் பலர். அந்தக் கரையை உண்மையாக அறிய விரும்பினால் எந்த நூல்களை எடுக்க வேண்டும்? எந்தப் படத்தை விரிக்க வேண்டும்? அவற்றை எவ்வாறு படிக்க வேண்டும்? இவற்றைக் காண்போம்.

முதலில் நிலப்படம்

இந்திய நில அளவைத் துறை 1:50,000 அளவில் நிலப்படங்களை வெளியிட்டு வந்துள்ளது. இதில் தரையிலுள்ள 1 கிலோமீட்டர், தாளில் 2 சென்டிமீட்டர் ஆகும். நெடுங்காலம் வழங்கிய எண்முறைப்படி, பொத்தேரி 66 டி/1 என்ற தாளிலும் மாமல்லபுரம் அதற்குக் கீழே வரும் 66 டி/2 என்ற தாளிலும் அமைகின்றன. இரண்டையும் ஒட்டி விரித்து, அளவுகோலை வைத்துப் பாருங்கள். 56 சென்டிமீட்டர் தொலைவுக்குள் எத்தனை செய்திகள்!

முதலில் கண்ணில் படுவது நீலநிறம். ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றது செங்கல்பட்டு. வளைந்த கரைகளும் அவற்றின் ஒரு பக்கம் தேங்கிய நீருமாக, ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிக்கட்டுப்போல் இறங்குகின்றன. மேலேயுள்ள ஏரி நிறைந்து வழிந்தால் கீழேயுள்ள ஏரிக்கு நீர் போகும். ஊர்ப் பெயர்களையும் படியுங்கள். பொத்தேரியின் பெயரில் ஏரி ஒலிக்கிறது. அடுத்துள்ள காட்டாங்கொளத்தூரில் குளம் ஒலிக்கிறது. கிழக்கே போகப் போகக் குன்றுகள் வருகின்றன. குடைவரை அமைக்கப் பல்லவர் தேடிய பாறை இதுவே. செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் மகேந்திரவர்மனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசன் மகன் குடைவித்த குகைக்கோயில் உண்டு. திருக்கழுக்குன்றத்தில் ஒருகல் மண்டபம் உண்டு. அதன் தூண்களில், சதுரங்கப்பட்டினத்தில் வாணிகம் செய்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியாக, கடலுக்கு இணையாகப் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் மாமல்லபுரம் நிற்கிறது. ஏன் இங்கே ஒரு துறைமுகம் எழுந்தது, ஏன் இங்கே கற்கோயில்கள் தோன்றின என்ற கேள்விகளுக்கு விடையின் ஒரு பாதி இந்தப் படத்திலேயே இருக்கிறது.

இத்தகைய படம் எப்படி வந்தது? பொத்தேரியிலிருந்து அதே இரயில் வழியில் வடக்கே சென்றால் பரங்கிமலை வரும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அங்கே சுமார் ஏழரை மைல் (12 கி.மீ.) நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை, நூறடி எஃகுச் சங்கிலியால் மிக நுட்பமாக அளந்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பது பள்ளியில் நீங்கள் படித்ததுதான். அவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. அந்த மாபெரும் முக்கோண அளவை தொடங்கிய இடம் நம் மாவட்ட எல்லையை ஒட்டியே இருக்கிறது.

ஊர் ஊராக ஒரு கணக்கு

லாம்டனுக்கு முன்பே இப்பகுதி அளக்கப்பட்டிருந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாபு செங்கல்பட்டுப் பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வரி எவ்வளவு தேறும் என்று அறிய விரும்பிய கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஜாகீர் முழுவதையும் அளந்தது. சுமார் 2000 ஊர்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. ஊரில் எத்தனை வீடுகள், யார் யார் என்ன தொழில் செய்தார்கள், நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி குளங்கள் எவை, எந்தக் கோயிலுக்கும் எந்தப் பணியாளருக்கும் எவ்வளவு மானியம் என்பன எல்லாம் அதில் உண்டு. ஊர்க் கணக்கர்களின் ஓலைகளே இதற்கு அடிப்படை. இந்த ஆவணங்களின் அருமையை நம் காலத்தில் எடுத்துக் காட்டியவர்களுள் அறிஞர் தரம்பால் குறிப்பிடத்தக்கவர்.

வரி வாங்க எழுதிய கணக்கு இன்று நமக்கு எதற்கு? 2015 டிசம்பரில் சென்னையின் தென்புறநகர்கள் வெள்ளத்தில் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எந்த ஏரி எங்கிருந்தது, எந்தக் கால்வாய் எவ்வழியே ஓடியது என்ற கேள்வி அப்போது பலர் வாயிலும் எழுந்தது. தரையில் அழிந்துபோன ஏரிக்குச் சாட்சி சொல்லப் பழைய படமும் பழைய கணக்குமே எஞ்சியிருக்கின்றன. ஊர்ப்பெயரும் ஒரு சாட்சியே. ஏரி, குளம், தாங்கல் என்று முடியும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அங்கே இன்று நீர் நிற்கிறதா என்று பாருங்கள். வரலாறு சில வேளைகளில் வீட்டு வாசலில் வந்து நிற்கும் வெள்ளமாகவும் இருக்கும்.

ஒரு கட்டுரை வளர்த்த கனவு

இனி நூல்களுக்கு வருவோம். வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1772இலும் 1776இலும் மாமல்லபுரத்தைப் பார்த்தார். பல ஆண்டுகளுக்குப்பின் நினைவிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். அது கல்கத்தாவிலிருந்து வந்த ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் என்ற இதழின் முதல் தொகுதியில் 1788இல் அச்சாயிற்று. கடலுக்குள் பல கோபுரங்கள் இருந்தன என்றும், அவற்றின் செப்புத் தகடு வேய்ந்த உச்சிகள் காலைக் கதிரில் மின்னியதை முதியவர்கள் கண்டதுண்டு என்றும் ஊரார் தமக்குச் சொன்னதாக அதில் எழுதினார். ஐரோப்பிய மாலுமிகள் அதற்கு முன்பே இவ்விடத்தை 'ஏழு கோயில்கள்' என்ற பெயரால் அறிந்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்துகொண்டன. கரையில் ஒரு கோயில். அப்படியானால் கடலில் ஆறு! ஆங்கிலக் கவிஞர் சதே 1810இல் தம் காவியம் ஒன்றில் மூழ்கிய நகரத்தைப் பாடினார். கேட்டதை எழுதிய வாக்கியம், பின்வந்த நூல்களில் கண்டதைச் சொல்லும் வாக்கியமாக மாறிக்கொண்டே சென்றது.

இங்கே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு செய்தி பத்து நூல்களில் இருந்தால் அதற்குப் பத்துச் சான்றுகள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. பத்தும் ஒரே நூலிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். ஊற்று எது என்று தேடிச் செல்ல வேண்டும்.

அப்படியானால் ஊரார் சொன்னது வெறுங்கதையா? அப்படியும் தள்ளிவிட முடியாது. 2002இல் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வுக் கழகமும் இங்கிலாந்து ஆய்வுக்குழு ஒன்றும் சேர்ந்து கடலில் மூழ்கிப் பார்த்தன. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், செதுக்கிய கற்களும் சுவர்போன்ற அமைப்புகளும் காணப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் தொல்லியல் துறை மேலும் ஆய்வுகள் நடத்தியது. கடலடியில் மனிதன் கட்டியவை உள்ளன என்று இவற்றால் சொல்லலாம். அவை ஆறு கோயில்கள் என்று சொல்லச் சான்று கிடைக்கவில்லை. கதையில் ஒரு விதை இருந்தது. எண்ணிக்கை கற்பனையில் விளைந்தது.

வழிகாட்டிய கல்

அதே ஆழிப்பேரலை வேறொரு கதவையும் திறந்தது. மாமல்லபுரத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, புலிக்குகையை அடுத்த சாளுவன்குப்பத்தில், அலைகள் மணலை அரித்துச் சென்றபின் ஒரு பாறையில் எழுத்துகள் தெரிந்தன. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்து (10ஆம் நூற்றாண்டு) கல்வெட்டு அது. திருவீழ்ச்சில் என்ற ஊரிலுள்ள சுப்பிரமணியர் கோயிலுக்கு அளித்த கொடையை அது குறித்தது. கொடை பெற்ற கோயில் எங்கே? அருகிலிருந்த மணல்மேட்டைத் தோண்டினார்கள். 2005இல் முருகன் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. கல்லால் செய்த வேலும் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டடத்துக்கு அடியில், அதற்கும் முற்பட்ட செங்கல் கட்டடம் இருந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். எந்த நிலப்படத்திலும் இல்லாத கோயிலுக்கு ஒரு கல்வெட்டு வழி காட்டியது!

ஆகவே கல்வெட்டுகளையும் நிலப்படமாகவே படிக்கலாம். கடற்கரைக் கோயிலிலுள்ள முதலாம் இராஜராஜன் காலக் கல்வெட்டு, இவ்வூரை ஆமூர்க் கோட்டத்து மாமல்லபுரம் என்கிறது. இதைக் கொண்டு இரண்டு செய்திகள் அறிகிறோம். ஊரின் பழம்பெயரில் மகாபலிக்கு இடமில்லை. சோழர் ஆட்சிப் பிரிவில் இவ்வூர் எங்கே அடங்கியது என்பதும் தெரிகிறது.

ஒரே கல், இரண்டு முடிவுகள்

இக்கல்வெட்டுகளை ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890இல் பதிப்பித்தார். கணேச இரதத்திலும் தருமராச மண்டபத்திலும் 'அத்யந்தகாமன்' என்ற பட்டப்பெயர் வருகிறது. அது பரமேசுவரவர்மனைக் குறிக்கும் என்றார் ஹுல்ஷ். இரதங்கள் பலவற்றை மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மனுக்கு உரியவையாகப் பலர் எழுதினர். 1962இல் இரா. நாகசாமி, இங்குள்ள சின்னங்கள் அனைத்தும் இராஜசிம்மனுடையவையே என்று வாதிட்டார். பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற வழக்கோடு, அது சமணக் கதையைக் காட்டுகிறது என்ற மயிலை சீனி. வேங்கடசாமியின் கருத்தும் உண்டு. ஒரே நூலைப் படித்தவருக்கு ஒரே விடை கிடைக்கும். இரண்டைப் படித்தவருக்குத்தான் கேள்வி கிடைக்கும். அந்தக் கேள்வியோடு சிற்பத்தின் முன் நின்று பாருங்கள். அதுவரை காணாத உருவங்கள் கண்ணில் படும்.

நீங்களும் தொடங்கலாம்

தமிழில் தொடங்க விரும்புவோர் மா. இராசமாணிக்கனாரின் பல்லவர் வரலாற்றை எடுக்கலாம். பழைய ஆங்கிலக் கட்டுரைகளை ஒருசேரப் பார்க்க, 1869இல் சென்னையில் கார் என்பவர் தொகுத்த நூல் உதவும். சேம்பர்சும், சென்னை வானாய்வுக் கூடத்து கோல்டிங்காமும், எழுத்துகளைப் படிக்க முயன்ற பாபிங்டனும் எழுதியவை அதில் இருக்கின்றன. கட்டடக் கலையை அறிய லாங்ஹர்ஸ்ட் மூன்று பகுதிகளாக எழுதிய நூலும், கே. ஆர். சீனிவாசன் 1964இல் வெளியிட்ட பல்லவர் குகைக்கோயில்கள் பற்றிய நூலும் உண்டு. கன்னிமரா நூலகத்திலும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் பழைய நூல்களையும் ஆவணங்களையும் தேடலாம்.

கல்கியின் சிவகாமியின் சபதத்தைப் படித்துவிட்டு மாமல்லபுரம் போகலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போகலாம், புதினம் ஆர்வத்தை மூட்டும். ஆனால் ஆயனச் சிற்பியின் வீட்டைத் தேடாதீர்கள்; அவர் கல்கி படைத்த பாத்திரம்.

நிலப்படம் இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. நூல் காலத்தைச் சொல்லும். எழுதியவர் கண்டாரா கேட்டாரா என்பதை நாம்தான் பிரித்தறிய வேண்டும். தரையோ வாய் திறவாது. கேள்வியோடு செல்பவருக்கே விடை தரும். இம்மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதே ஆராய்ச்சி. அதற்குப் பெரிய பட்டம் தேவையில்லை.

சிறு பயிற்சி ஒன்றோடு தொடங்குங்கள். உங்கள் ஊரைக் காட்டும் பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதில் மறைமலைநகர் இல்லையென்றால், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரம் எழுவதற்குமுன் அளந்த படம் அது. அதிலுள்ள ஒவ்வோர் ஏரியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போய், எது இருக்கிறது, எது குறுகியிருக்கிறது, எது இல்லை என்று தேதியிட்டுக் குறித்து வாருங்கள். நாளை இக்கரையின் வரலாற்றை எழுதப்போகிறவருக்கு அந்தத் தாளும் ஓர் ஆவணமாகும்.