பேர் போடுறதெல்லாம் ஒரு விஷயமா?

பெர்ன்ல ஞாயித்துக்கிழமைன்னா ஊரே அடங்கிப்போயிடும். கடை கிடையாது, சத்தம் கிடையாது. என்னை மாதிரி படிக்க வந்த பயலுகளுக்கு ஒரே போக்கிடம், ட்ராம்ல மூணு ஸ்டாப் தள்ளி இருக்கற யாழ்ப்பாணத்து அண்ணா வீடுதான். சோறு, மீன்குழம்பு, அப்புறம் ஒரு பழைய படம். போன வாரம் மகேந்திரனோட 'உதிரிப்பூக்கள்' (1979).

டைட்டில்ல புதுமைப்பித்தன் பேர் வந்ததும் என் வாய் சும்மா இருக்கல. "அண்ணா, இந்தப் படத்துக்கும் 'சிற்றன்னை'க்கும் பெருசா சம்பந்தமே இல்ல. பேர் போடாம விட்டிருந்தாக்கூட ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க"ன்னேன்.

அண்ணா ஒரு மாதிரிப் பார்த்தார். "கேக்க ஆளில்லாத இடத்திலதானே தம்பி மனுசன்ர நேர்மை தெரியும்? நீர் இருக்கிற ஊரிலதான் இதுக்கெண்டு ஒப்பந்தமே போட்டவங்கள். தெரியாதோ?"

தெரியாதுதான். அசடு வழிஞ்சுட்டு வந்து ஒரு வாரமா லைப்ரரில உட்கார்ந்து படிச்சேன். அதோட சாரம்தான் இது. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும், பொறுத்துக்குங்க.

19-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல, பாரிஸ்ல ஒரு நாவல் வந்தா கொஞ்ச நாள்லயே பெல்ஜியத்துல அதைக் காப்பியடிச்சு மலிவு விலைல வித்துடுவாங்க. எழுதினவருக்கு நயா பைசா வராது. எல்லை தாண்டினா சட்டம் செல்லாது. இதை மாத்தணும்னு 1878-ல பாரிஸ்ல ஒரு சர்வதேச இலக்கியச் சங்கம் தொடங்கினாங்க. முன்னால நின்னவர் விக்டர் ஹ்யூகோ. 1885-ல அவர் காலமாயிட்டார். அடுத்த வருஷம், 1886 செப்டம்பர் 9-ம் தேதி, இதே பெர்ன்ல பத்து நாடுங்க கையெழுத்துப் போட்டுச்சு. அதுதான் பெர்ன் ஒப்பந்தம். பிரிட்டன் தன் காலனிகளையும் சேர்த்தே கையெழுத்துப் போட்டதால நம்ம ஊரும் அப்பவே உள்ள வந்தாச்சு. அதுக்கான அலுவலகம் 1960 வரைக்கும் பெர்ன்லதான் இருந்துது, அப்புறம்தான் ஜெனீவா போச்சு.

அப்போ சினிமாவே பிறக்கல. பிறந்த உடனே அது செஞ்ச வேலை, நாவல்ல கை வெச்சதுதான் :-) 1907-ல அமெரிக்காவுல கேலம் கம்பெனி 'பென்ஹர்' நாவலை யாரையும் கேக்காம ஒரு குட்டிப் படமா எடுத்துது. எழுதின லூ வாலஸ் 1905-லயே போய்ச் சேர்ந்துட்டார். பதிப்பகம் விடல. 1911-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சு, கடைசில 25,000 டாலர் வாங்கினாங்க. இத்தனைக்கும் அமெரிக்கா அப்போ பெர்ன் ஒப்பந்தத்துலயே இல்ல, 1989-லதான் சேர்ந்துது. ஒப்பந்தத்துல இருந்த நாடுங்க 1908-லயே பெர்லின்ல கூடி, நாவலைப் படமாக்க எழுதினவரோட அனுமதி வேணும்னு எழுதி வெச்சுடுச்சு.

ஆனா கவனிங்க, இதெல்லாம் அனுமதியும் காசும் பத்தினது. பேர்? அதுக்கு 1928 வரைக்கும் காத்திருக்கணும். அந்த வருஷம் ரோம்ல ஒப்பந்தத்தைத் திருத்தினப்போதான், உரிமை எல்லாத்தையும் வித்துட்டாலும் 'இது நான் எழுதினது'ன்னு சொல்ற உரிமை எழுதினவர்கிட்டயே இருக்கும்னு சேர்த்தாங்க. தன் கௌரவம் கெடுற மாதிரி சிதைச்சா ஆட்சேபிக்கற உரிமையும் கூடவே வந்துது. அதாவது கதையை விக்கலாம், பேரை விக்க முடியாது. இந்தியா தன் சொந்தப் பேர்ல உறுப்பினரானதும் அதே 1928-லதான். நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்தோட 57-வது பிரிவு இதையே சொல்லுது.

பேர் கிடைச்சா மட்டும் நிம்மதியான்னா, அதுவும் இல்ல. இந்த ஊர் பல்கலைக்கழகத்துல படிச்ச ஃப்ரீட்ரிஷ் ட்யூரன்மட்டைப் பாருங்க. 1958-ல வந்த ஒரு துப்பறியும் படத்துக்குக் கதை அவரோடது, திரைக்கதையிலயும் அவர் பேர் இருக்கு. ஆனா கொலைகாரன் ஒழுங்கா மாட்டிக்கற மாதிரி முடிஞ்சது அவருக்குப் பிடிக்கல. அதே கதையை, துப்பறியறவர் தோத்து நொறுங்கிப்போற மாதிரி 'வாக்குறுதி'ன்னு நாவலா எழுதி அதே வருஷம் வெளியிட்டார். கோர்ட்டுக்குப் போகாம புத்தகத்துலயே பதில் சொல்லிட்டார்.

நம்ம பக்கம் மன்னு பண்டாரி கோர்ட்டுக்கே போனாங்க. அவங்களோட 'ஆப் கா பண்ட்டி' ஹிந்தி நாவலைப் படமாக்கினப்போ, கதையைச் சிதைச்சுட்டாங்கன்னு 57-வது பிரிவுல வழக்கு. டெல்லி உயர் நீதிமன்றம் 1986-ல, பெர்ன்ல கையெழுத்தாகி சரியா நூறு வருஷம் கழிச்சு, உரிமையை வித்திருந்தாலும் இந்தப் பிரிவு எழுத்தாளரைக் காக்கும்னு சொல்லுச்சு. கடைசில சமரசம் ஆச்சு. என்னன்னு? படத்துல அவங்க பேரும் நாவல் பேரும் வரக்கூடாது! பேர் போடுன்னு கேக்கறது மாதிரியே, போடாதேன்னு கேக்கவும் ஒரு காரணம் இருக்கு.

அடுத்த சண்டை பேர் எங்க வரணும்ங்கறதுல. 2009 கடைசில 'த்ரீ இடியட்ஸ்' வந்தப்போ சேத்தன் பகத் கொதிச்சாரே, ஞாபகம் இருக்கா? ஒப்பந்தப்படி அவர் பேர் இருந்துது, ஆனா படம் முடிஞ்சு ஜனம் எழுந்து போறப்போ ஓடுற எழுத்துல. பேர் போடணும்னு சட்டம் சொல்லும். முன்னாடியா பின்னாடியா, எவ்வளவு பெருசான்னு சொல்லாது. அதெல்லாம் நாம கையெழுத்துப் போடற காகிதத்துல இருக்கு.

தமிழ்லன்னா 'எந்திரன்' விவகாரம். அது நாவல் இல்ல, சிறுகதை. 1996-ல 'இனிய உதயம்' பத்திரிகைல வந்த தன்னோட 'ஜூகிபா'தான் படம்னு ஆரூர் தமிழ்நாடன் சொல்ல, ஷங்கர் மறுக்க, 2010-ல ஆரம்பிச்சது இழுத்துக்கிட்டே போச்சு. 2023-ல சென்னை உயர் நீதிமன்றம் சிவில் வழக்கைத் தள்ளுபடி பண்ணுச்சு. 2025 பிப்ரவரில அமலாக்கத்துறை ஷங்கரோட சுமார் 10 கோடி ரூபாய் சொத்தை முடக்குச்சு. அடுத்த மாசமே உயர் நீதிமன்றம் அதுக்குத் தடை போட்டுது. யார் பக்கம் நியாயம்னு சொல்ல எனக்குத் தகுதி இல்ல. ஆனா சட்டம் காப்பாத்தறது கருவை இல்ல, அதை எழுதின விதத்தைத்தான். கரு ஒண்ணா இருக்கே, சட்டம் என்ன பண்ணும்னு கேட்டா கோர்ட்ல பதில் சுலபமா கிடைக்காது.

இங்கதான் திரும்ப 'உதிரிப்பூக்கள்' ஞாபகத்துக்கு வருது. தாயில்லாப் பிள்ளைங்க, சித்தி - இந்த வித்துதான் 'சிற்றன்னை'லருந்து வந்தது. மத்ததெல்லாம் மகேந்திரனே வளர்த்தது. அந்த வித்துக்கு டைட்டில்ல பேர் போட்டார். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் யாரு? பாகவதரோட 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுத புனே போய், காசநோயோட திரும்பி, 1948-ல 42 வயசுல செத்துப்போன மனுஷன். சினிமா அவர்கிட்ட வாங்கினது ரொம்ப. 31 வருஷம் கழிச்சுத் திருப்பிக் குடுத்தது டைட்டில்ல ஒரு பேர். அதைப்போய் 'விட்டிருந்தா என்ன'ன்னு கேட்டிருக்கேன் பாருங்க!

நேத்து அண்ணாவுக்கு ஃபோன் போட்டு பெர்ன், பெர்லின், ரோம்னு எல்லாத்தையும் ஒப்பிச்சேன். பொறுமையாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. மகேந்திரன் இதெல்லாம் படிச்சுப்போட்டோ பேர் போட்டவர்?"