மானிப்பாயில் ஒரு மருத்துவ ஆசிரியர்

அமெரிக்க நாட்டின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே வூஸ்ரர் என்றொரு நகர் உண்டு. 1822 ஆம் ஆண்டு அங்கே பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், மருத்துவம் கற்றுத் தேறி, அமெரிக்க மிஷனின் ஊழியராக 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். அடுத்த ஆண்டில் மானிப்பாய் அவருக்கு இருப்பிடமாயிற்று.

அந்நிய நாட்டிற்குச் சமயத் தொண்டாற்ற வருவோர் முதலிற் செய்யவேண்டியது நாவைப் பழக்குதல். மருத்துவருக்கோ அது இன்னும் அவசரமானது. நோயாளி தன் வயிற்றுளைவையும் குத்தையும் எரிவையும் தன் மொழியிலேதான் சொல்வான். கிறீன் தமிழைக் கற்றார். கற்றதோடு அமையாது, அம்மொழியிலேயே மேனாட்டு மருத்துவத்தைப் போதிக்கலாம் என்ற துணிவுக்கும் வந்தார். தொடக்கத்தில் அவரும் ஆங்கிலத்தில் தான் போதித்தார் என்பதை மறத்தலாகாது. ஆங்கிலங் கற்ற மாணாக்கரோ உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு அகலுவாராயினர். கிராமத்து நோயாளிக்கு அதனால் என்ன பயன்? 1864 ஆம் ஆண்டு முதல் வகுப்பைத் தமிழிலே நடத்தலானார்.

இதனை வரவேற்கவேண்டிய மாணாக்கரே வரவேற்றாரல்லர். ஆங்கிலமே சோறு போடும் என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தைக் குறைகூறவும் இயலாது. அரசாங்கக் கதவுகள் அம்மொழிக்கே திறந்தன. கடல்கடந்து வந்த அமெரிக்கர் தமிழிற் படியுங்கள் என வற்புறுத்த, தமிழ் இளைஞர் ஆங்கிலத்தைக் கேட்டு நின்ற விந்தையை அக்கால மானிப்பாய் கண்டது. மாணாக்கர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதையும் கிறீன் விரும்பவில்லை. கிறிஸ்தவராகட்டும், ஆயினும் தமிழராகவே இருக்கட்டும் என்பது அவர் கருத்து.

போதிப்பதற்கு நூல் வேண்டுமே! நாடியும் தாதுவும் பற்றி நம் வைத்திய நூல்கள் நிறையப் பேசின. மேனாட்டு உடற்கூற்று நூல் கூறும் நரம்பையும் சுரப்பியையும் தனித்தனி குறிக்கும் பெயர்கள் எல்லாவற்றிற்கும் எங்கே போவது? அவர் வகுத்துக்கொண்ட முறை எளிது. தமிழிற் சொல் உண்டாயின் அதனைக் கொள்க. இல்லையேல் வடமொழியை நாடுக. அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுக. ‘கெமிஸ்தம்’ என்று 1875 இல் வெளிவந்த இரசாயன நூலின் பெயரே மூன்றாம் வழிக்குச் சான்று. இன்றைய செவிக்குச் சிரிப்பூட்டும் பெயர்தான்! எனினும் இப்பணியிலே அவருக்குப் பக்கத்துணையாயிருந்தோர் அவரிடங் கற்ற தமிழ் மாணாக்கரே என்பதை எண்ணும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது.

1852 இல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ வந்தது. 1867 இல் ‘இரண வைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என நூல்கள் தொடர்ந்தன. அறுபதின்மருக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்றனர்.

1870 ஆம் ஆண்டு கொழும்பிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. போதனா மொழி ஆங்கிலம். மூன்றாண்டுகளின் பின், 1873 இல், உடல்நலங் குன்றிய கிறீன் தாயகம் திரும்பினார். தமிழ் வகுப்பு அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. மாணாக்கரின் கணிப்பே சரியாயிற்று போலும்!

அவரோ தமிழை விட்டாரல்லர். பனி பெய்யும் வூஸ்ரர் நகரிலிருந்து மொழிபெயர்ப்பை மேலும் தொடர்ந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராயிருந்தவர் என்றே அவ்வூர் இடுகாட்டில் அவருடைய கல்லறையில் ஆங்கிலத்திற் பொறித்திருக்கின்றனர்.