திருகோணமலையும் இரண்டு காற்றுகளும்

திருகோணமலையின் வரலாற்றைக் கப்பற்படைகளின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டையைப் பிடித்தவர்களின் பட்டியல் நீளும். அவர்கள் ஏன் இந்தத் துறையையே குறிவைத்தார்கள்? ஆழமான இயற்கைத் துறைமுகம் என்பது பாதி விடைதான். மீதி விடை காற்றில் இருக்கிறது.

நமது மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையளவில் கிடக்கிறது. கடுங்குளிர் நமக்கில்லை, காற்றும் மழையுமே பருவத்தைப் பிரிக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஈரக்காற்று வருகிறது. குறுக்கே மலைநாடு நிற்கிறது. பிதுருதலாகலை மட்டும் 2,524 மீற்றர். மேலேறும் காற்று குளிர்ந்து மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது இதனாலேதான். மலை தாண்டி இறங்கும் காற்றோ வரண்டு சூடேறுகிறது. அதைத்தான் நம்மவர்கள் கச்சான் என்கிறார்கள். ஒரே பருவத்தில் கேரளம் நனையவும் தமிழ்நாட்டின் பெரும்பகுதி காயவும் மேற்குத் தொடர்ச்சி மலை காரணமாவதும் இதே விதியால்தான்.

ஒக்டோபருக்குப் பின் நிலைமை தலைகீழ். ஆசியப் பெருநிலம் குளிர, அங்கிருந்து வாடை புறப்படுகிறது. வங்காள விரிகுடாவில் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் மாரியாகப் பொழிகிறது. திருகோணமலைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,600 மில்லிமீற்றரில் பெரும்பகுதி இந்த மாதங்களுடையது.

அந்தக் காலத்தில் வாடையும் புயலும் சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்கு எமன். சென்னையிலும் மசூலிப்பட்டினத்திலும் ஒதுங்க இடமில்லை. திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிக்கிய றொபேட் நொக்ஸ் 1679இல்தான் தப்பினார். 1681இல் இலங்கை பற்றி அவர் வெளியிட்ட நூலுக்குப் பின்னால் இருப்பது ஒரு மாரிப் புயல்.

1782இலும் இதே கதைதான். ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்த திருகோணமலையை ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்துக்கொண்டார். வாடை நெருங்கவே, ஒதுங்க இடமின்றி ஆங்கிலேயக் கடற்படை பம்பாய்க்குச் சுற்றிப் போனது. 1795இல் அவர்கள் திரும்பவும் வந்து பிடித்ததன் அவசரம் இதிலிருந்து விளங்கும்.

இந்தக் காற்றை ஐரோப்பியருக்கு முன்பே கணக்குப் போட்டவர்கள் அரபு மாலுமிகள். 'மொன்சூன்' என்ற சொல்லே பருவத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. திருகோணமலை நிக்கல்சன் குடாவில் கிடைத்த அரபு மீஸான் கல்லொன்று 'அல் ஹலபி' என்ற குடும்பப் பெயரைச் சுமக்கிறது. ஹலப் என்பது சிரியாவின் அலெப்போ. அவ்வளவு தூரத்து உறவை இக்கரையோடு இணைத்த கடல்வழி, காற்றின் தவணையை நம்பி நடந்த வழி.

மலை நமக்கு மறுத்த மழையை ஆறு திருப்பித் தருவதையும் மறக்கக்கூடாது. ஈரமலைநாட்டில் பிறக்கும் மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மூதூர்ப் பக்கத்து அல்லைத் திட்ட வயல்கள் கச்சான் காலத்திலும் சிறுபோகம் காண்பது அதன் நீரால். பெரும்போகத்துக்கு வாடை மழை, சிறுபோகத்துக்கு மேற்கு மலையின் மழை: இரண்டு காற்றும் நம் சோற்றில் இருக்கின்றன.

வாடை, கச்சான், சோளகம், கொண்டல். கிண்ணியாவிலும் மூதூரிலும் கடலுக்குப் போன மூத்தவர்கள் இந்தப் பெயர்களைத் திசையோடும் மாதத்தோடும், எந்த மீன் எப்போ கரைக்கு வரும் என்பதோடும் சேர்த்துச் சொல்லுவார்கள். கைபேசியில் வானிலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அது வெறும் பழம்பேச்சு. ஒல்லாந்தர் கடிதங்களைத் தேடி ஆவணக்காப்பகம் போகும் நமது ஆய்வாளர்கள், கொஞ்சம் கரைக்கும் போக வேண்டும். கேட்டு எழுதி வைக்காத வரலாறு, சொன்னவரின் ஜனாஸாவோடே போய்விடும்.