கள்ளியைத் தின்ற பூச்சி

சரித்திரத்தில் அரசர்களுக்கு மண்டபம் உண்டு, பூச்சிக்கு உண்டா? உண்டு. ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த பூனார்கா என்னும் சிற்றூரில், 1936-ம் வருஷம் குடியானவர்கள் அப்படி ஒன்று கட்டினார்கள். காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

பார்வைக்கு அது அற்ப ஜந்து. காய்ந்த சருகின் நிறம்; சிறகை விரித்தால் ஓர் அங்குலம் தேறும். பெண் பூச்சி முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கள்ளி முள்ளைப் போலவே ஒரு குச்சியாக நிறுத்திவிடும். பொரிந்து வரும் புழுக்கள் ஆரஞ்சு வர்ணத்தில் கருப்புப் பட்டை போட்டவை. கூட்டமாகத் துளைத்து உள்ளே புகுந்து சதையைத் தின்னும். சப்பாத்திக் கள்ளியும் அதன் பங்காளிகளும்தான் அவற்றுக்கு ஆகாரம். பூர்வீகம் தென் அமெரிக்கா: அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே, தெற்குப் பிரேசில்.

ஆஸ்திரேலியாவுக்குக் கள்ளி போனது 1788-ல், முதல் குடியேற்றக் கப்பல்களோடு. பட்டாளத்தாரின் சிவப்புச் சட்டைக்குச் சாயம் தரும் பூச்சியை அதில் வளர்க்கலாம் என்று எண்ணம். சாயம் தேறவில்லை. பிறகு வேலிக்கென்று வேறு கள்ளிகளும் வந்தன. 1925-ல் சுமார் ஆறு கோடி ஏக்கர் முள்ளாகிவிட்டது. வெட்டினார்கள், ஆர்சனிக் விஷம் தெளித்தார்கள், முடியாமல் பலர் நிலத்தையே விட்டுப் போனார்கள்.

அந்த வருஷம் ஆலன் டாட் என்ற விஞ்ஞானி அர்ஜென்டினாவிலிருந்து சுமார் 3,000 முட்டைகளை அனுப்பினார். அவற்றின் சந்ததி பெருகி, 1933-க்குள் கள்ளியின் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தது. போனவர்கள் விட்ட நிலத்தில் மறுபடி ஏர் ஓடிற்று. நம் தென்னிந்தியாவிலோ, 1926-ல் இலங்கையிலிருந்து தருவித்த சாயப்பூச்சி இனம் ஒன்று இதே காரியத்தைச் செய்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் சுபம். 1957-ல் மேய்ச்சல் நிலத்தைச் சுத்தம் செய்ய, கரீபியக் கடலிலுள்ள நெவிஸ் தீவில் இதே பூச்சியை விட்டார்கள். 1989-ல் அது புளோரிடாவில் தென்பட்டது. 2006-ல் மெக்ஸிகோவின் தீவொன்றில். மெக்ஸிகோவில் கள்ளி காய்கறி, கள்ளி பழம், தேசியக் கொடியிலும் கள்ளிமேல்தான் கழுகு உட்கார்ந்திருக்கிறது. பதறிப்போய்ப் பொறி வைத்தும், தின்ற செடிகளைப் பிடுங்கியும், 2009-க்குள் தம் தீவுகளிலிருந்து அதை ஒழித்தார்கள்.

பூனார்கா மண்டபம் இன்னும் நிற்கிறது. மெக்ஸிகோக் குடியானவர் ஒருவர் அதன் வாசலில் வந்து நின்று பெயர்ப்பலகையைப் படித்தால் என்ன சொல்வார் என்று நான் யோசிப்பதுண்டு.