குறுந்தகடு டிரைவ் இல்லாத வீடுகளில் லினக்ஸ்: 1990களின் பெங்களூர் பற்றிச் சில குறிப்புகள்

பெங்களூரின் மென்பொருள் வரலாறு பெரும்பாலும் செயற்கைக்கோள் இணைப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இந்நகரில் மையம் அமைத்துத் தனக்கென ஒரு செயற்கைக்கோள் இணைப்பைப் பெற்றது, 1991இல் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பு உருவாகிச் சிறு நிறுவனங்களுக்கும் அத்தகைய வசதியைத் திறந்துவிட்டது ஆகியவை அதன் நிலையான அத்தியாயங்கள். இவற்றில் பிழையேதுமில்லை. ஆனால் மென்பொருள் இந்நகரத்திலிருந்து வெளியே சென்ற வழியை நுணுக்கமாக விளக்கும் அவ்வரலாறு, இந்நகரத்து வீடொன்றுக்குள் மென்பொருள் எவ்வழியாக நுழைந்தது என்று கேட்பதில்லை. அதே ஆண்டுகளில், அதே தெருக்களில், 486 கணினி வைத்திருந்த ஒரு மாணவர் தமக்கு வேண்டிய இயக்குதளத்தை எப்படி நிறுவினார்? கேள்வி சிறிதுதான். எனினும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்திய வரலாற்றைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிவரும் சிலவற்றை அது அசைக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படுவது இது. 1996இல் பிசிக்வெஸ்ட் இதழ் ஸ்லாக்வேர் லினக்ஸைக் குறுந்தகட்டில் இணைத்து வாசகர்களுக்கு அளித்தது. அம்முயற்சிக்குப் பின்னால் பெங்களூரைச் சேர்ந்த அதுல் சிட்னிஸ் இருந்தார். 1980களின் இறுதியிலேயே சி.ஐ.எக்ஸ். என்ற தொலைபேசிவழித் தகவல் பலகையைத் தொடங்கியவர் அவர். பின்னாளில் அதே இதழ் ரெட் ஹாட்டை அடிப்படையாகக் கொண்ட பிசிக்யூ லினக்ஸை ஆண்டுதோறும் வெளியிட்டது. பெங்களூர் லினக்ஸ் பயனர் குழு வளர்ந்தது. 2001 முதல் 2004 வரை லினக்ஸ் பேங்களூர் மாநாடுகள் நடந்தன; 2005இல் அம்மாநாடு ஃபாஸ் டாட் இன் எனப் பெயர் மாறியது. இந்த வரிசையில் குறுந்தகட்டுக்கும் குழுவுக்கும் இடையே ஒரு படி விடுபட்டிருக்கிறது. இதழோடு குறுந்தகடு வீடு வந்து சேர்ந்தது. அதைப் படிக்கும் டிரைவ் பல வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருக்கலாமே என்று இன்றைய மாணவர் கேட்கக்கூடும். இந்திய அறிவியல் கழகத்தில் எர்நெட் இருந்தது. அது வளாகத்தோடு நின்றது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது தொலைபேசிவழி இணைப்பின் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். தனிநபருக்கு 250 மணி நேரக் கணக்கின் கட்டணம் 5,000 ரூபாய். அவ்வேகம் ஒருபோதும் குறையவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நெகிழ்வட்டின் அளவை இறக்க 20 நிமிடம் ஆகும். 650 மெகாபைட் குறுந்தகட்டுக்கு ஏறத்தாழ 158 மணி நேரம் ஆகும். அதாவது ஓராண்டுக் கணக்கில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஒரே தகட்டுக்குச் செலவாகிவிடும். தொலைபேசிக் கட்டணம் தனி. ஆகவே இணையம் ஒரு வழியாகவே இருக்கவில்லை.

டிரைவ் இருந்த வீடுகளிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் சற்று நின்று பார்க்கவேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். 1990களின் முற்பகுதியில் விற்கப்பட்ட குறுந்தகடு டிரைவ்கள் பல, பின்னாளில் பொதுவாகிப்போன ஐ.டி.இ. இணைப்பைப் பயன்படுத்தவில்லை. சோனி, மிட்சுமி, பானசோனிக் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கே உரிய இணைப்புமுறையை வைத்திருந்தது. டிரைவின் கம்பிப்பட்டை பெரும்பாலும் ஒலியட்டையில் போய்ச் சேர்ந்தது. டாஸில் அந்தந்த நிறுவனம் தந்த இயக்குநிரலும் மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.சி.டி.இ.எக்ஸ். நிரலும் சேர்ந்து வேலையை முடித்தன. லினக்ஸின் கருவகமோ ஒவ்வொரு வகைக்கும் தனி நிரலை வேண்டியது. எனவே ஸ்லாக்வேர் தன் தொடக்க நெகிழ்வட்டை ஒரே வடிவில் தராமல், டிரைவ் வகைக்கு ஒன்றாகப் பல வடிவங்களில் தந்தது. பயனர் தம் டிரைவின் வகையை அறிந்து உரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியின் மேலிருந்த பெயர் அதற்கு உதவவில்லை. கிரியேட்டிவ் என்று முகப்பில் பொறித்திருந்த டிரைவைச் செய்தது மட்சுஷிடாவாக, அதாவது பானசோனிக்காக, இருக்கும். தவறான நெகிழ்வட்டிலிருந்து கணினியைத் தொடங்கினால், டாஸில் ஒழுங்காக ஓடிய அதே டிரைவ் லினக்ஸின் கண்ணுக்கு இல்லாத பொருளாகிவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. குறுந்தகட்டிலிருந்தே கணினியைத் தொடங்குவதற்கான எல் டொரிட்டோ வரையறையை ஐபிஎம்மும் ஃபீனிக்ஸும் வெளியிட்டது 1995 ஜனவரியில்தான். அதற்கு முந்தைய தாய்ப்பலகைகளின் பயாஸுக்கு அப்படியொரு வழி தெரியாது. சதர் பத்ரப்பா சாலையின் கடைகளில் பழைய பாகங்களைத் தேடி வாங்கிச் சேர்த்த கணினி, புதிய வரையறையை எதிர்கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். எனவே முதலில் டாஸில் நுழைந்து, ராரைட் என்ற சிறு நிரலால் தொடக்க வட்டை நெகிழ்வட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். டாஸிலிருந்து விடுபடுவதற்கும் டாஸின் தோளில்தான் ஏறி நிற்க வேண்டியிருந்தது.

டிரைவே இல்லாத வீடுகளில் வழிகள் வேறு. நெகிழ்வட்டு ஒரு வழி. ஸ்லாக்வேரின் தொகுதிகள் ஏ, டி, என், எக்ஸ் என எழுத்துகளால் பெயரிடப்பட்டு, ஒவ்வொன்றும் 1.44 மெகாபைட் வட்டில் அடங்கும் துண்டுகளாக வெட்டப்பட்டிருந்தன. குறுந்தகட்டில் வந்தபோதும் அவ்வடைவு மாறவில்லை. ஒரு குறுந்தகட்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட நெகிழ்வட்டுகளின் எலும்புக்கூடு இருந்தது என்று சொல்லலாம். கோப்புப் பெயர்களும் டாஸின் எட்டு எழுத்து, மூன்று எழுத்து வரம்புக்குள் நின்றன. இதைப் பழமைவாதம் என்று அன்றே சிலர் எள்ளியதுண்டு. நம் சூழலில் அதுவே அதன் பலமானது. ரெட் ஹாட்டின் நீண்ட பெயர்கொண்ட பொதிகளைப் பழைய டாஸ் வழியாக நகலெடுத்தால் பெயர்கள் துண்டிக்கப்பட்டுவிடும்; ஸ்லாக்வேரின் பொதிகள் சேதமின்றி வந்து சேரும். முழுக் குறுந்தகட்டையும் நெகிழ்வட்டுகளில் மாற்ற 460க்கு மேல் தேவைப்படும் என்பதால் அடிப்படைத் தொகுதி மட்டும் முதலில் வரும். பத்து வட்டுகள் திரும்பத் திரும்ப அழித்து எழுதப்படும். ஏழாவது வட்டில் ஒரு பகுதி படிக்க முடியாமல் போனால் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் நண்பர் வீட்டுக்குப் போகவேண்டும்.

இரண்டாவது வழி, கணினியைத் திறந்து வன்தட்டையே கழற்றி டிரைவ் உள்ள வீட்டுக்கு எடுத்துச் செல்வது. அங்கே ஜம்பரை மாற்றி, இரண்டாம் தட்டாக இணைத்து, குறுந்தகட்டின் கோப்பகங்களை டாஸ் பிரிவில் கொட்டிக்கொண்டு வீடு திரும்பி, அப்பிரிவிலிருந்தே நிறுவுவது. மூன்றாவது வழி, இரு கணினிகளின் அச்சுப்பொறி முனைகளை ஒரு கம்பியால் பிணைத்து, ஒன்றின் டிரைவை மற்றொன்று வலையமைப்பு வழியே படிப்பது. பிளிப் எனப்பட்ட இம்முறைக்கு, குறுந்தகடு டிரைவும் வலையட்டையும் இல்லாத கணினிகளுக்கென்றே எழுதப்பட்ட ஒரு கையேடு லினக்ஸ் ஆவணத் திட்டத்தில் உண்டு. ஆகவே இது நம் ஊருக்கு மட்டும் உரிய வறுமை அல்ல. கம்பியின் மறுமுனையில் இரண்டாவது கணினி ஒன்று வேண்டும் என்பதுதான் இங்கே அதன் விலையைத் தீர்மானித்தது.

வன்தட்டைக் கழற்றுவது தொழில்நுட்பச் செயல் மட்டுமன்று. வீட்டில் இருந்தது ஒரே கணினி. அதில் தந்தையின் கணக்குகளோ அக்காவின் ஆய்வேடோ இருக்கும். ஃபிப்ஸ் என்ற நிரலால் டாஸ் பிரிவை இரண்டாகப் பிளப்பதென்றால் குடும்பத்தின் கோப்புகளைப் பணயம் வைப்பதாகும். முதலில் காப்புநகல் எடுக்கச் சொல்லும் அறிவுரையைப் பின்பற்ற மீண்டும் நெகிழ்வட்டுகளே வேண்டும். பிரிவு எதுவும் பிரிக்காமல் டாஸின் ஒரு கோப்பகத்துக்குள்ளேயே லினக்ஸை வாழவைத்த யூ.எம்.எஸ்.டாஸ் முறையைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம் இதுதான். வீட்டாரிடம் அனுமதி பெற முடியாதவர்களின் வழி அது.

கட்டற்ற மென்பொருள் சமூகங்களைப் பற்றிய ஆய்வுகளில் கிறிஸ்டோபர் கெல்டியின் டூ பிட்ஸ் (2008) நம்மிடையே அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. பெங்களூரும் அவருடைய களங்களில் ஒன்று. தன் இருப்புக்கு ஆதாரமான கட்டமைப்பைத் தானே பேணும் பொதுமக்கள் என்ற அவருடைய கருத்தாக்கம் வலிமையானது; ஆயினும் அங்கே கட்டமைப்பு என்றால் முதன்மையாக இணையம். தில்லியின் மலிவுச் சந்தைகளையும் நகல் பண்பாட்டையும் பற்றி எழுதிய ரவி சுந்தரம் நம் அனுபவத்துக்கு இன்னும் நெருங்கி வருகிறார். ஆனால் அவருடைய களம் கடைவீதி. நான் இங்கே சுட்டுவது கடைவீதியிலும் இணையத்திலும் அடங்காத ஒன்று: டிரைவ் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையே இருந்த கொடுக்கல் வாங்கல். உரிமத்தின் தத்துவத்தைப் படித்துவிட்டு மக்கள் ஒன்றுகூடினார்கள் என்று எழுதுவது அழகாக இருக்கிறது. தனியாக நிறுவ முடியாததால் ஒன்றுகூட வேண்டியிருந்தது, தத்துவம் அக்கூடலில் பேசப்பட்டது என்று எழுதுவதே சான்றுகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

அப்படி எழுதும்போது விடுபட்டவர்களும் கண்ணுக்குத் தெரிவார்கள். மென்பொருள் இலவசம், டிரைவ் உள்ள ஒருவரை அறிந்திருப்பது இலவசமல்ல. அவ்வறிமுகம் கல்லூரியின் வழியே வந்தது, குடியிருப்பின் வழியே வந்தது, சாதியும் மொழியும் அவற்றுக்குள் இருந்தன. மாலை ஏழு மணிக்கு வன்தட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறிமுகமில்லாதவர் வீட்டுக்குச் சென்று நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பது எத்தனை மாணவியருக்கு இயன்றிருக்கும்? பயனர் குழுக்களில் பெண்கள் குறைவு என்பதை ஆர்வக்குறைவாக விளக்கியவர்கள் இக்கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இவ்வரலாற்றுக்கான சான்றுகள் இப்போது வேகமாக அழிந்துகொண்டிருக்கின்றன. நூலகங்கள் இதழ்களைக் கட்டடம் செய்து வைக்கும்போது அவற்றோடு வந்த குறுந்தகடுகள் பெரும்பாலும் தனித்துப்போய் மறைகின்றன. எஞ்சியவற்றைப் படிக்க இன்றைய மடிக்கணினியில் டிரைவ் இல்லை. வெளியிலிருந்து இணைக்கும் டிரைவ் வாங்கிக்கொள்ளலாம். அச்சிட்ட குறுந்தகடுகள் இன்னும் சில காலம் தாங்கும். நெகிழ்வட்டுகளின் காந்தப் பூச்சு அத்தனை பொறுமை காட்டாது. எமுலேட்டரில் ஸ்லாக்வேரை நிறுவிப் பார்த்துவிட்டு அன்றைய அனுபவத்தை எழுதலாம் என்று நினைக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். எமுலேட்டர் தரும் டிரைவ் எப்போதும் பொருந்துகிறது. நமக்கு வேண்டிய வரலாறோ பொருந்தாத டிரைவின் வரலாறு. அது கையால் எழுதிய லேபிளிலும், ஐ.ஆர்.கியூ. எண்ணும் பிரிவு எண்ணும் குறித்த நோட்டுத் தாளிலும், மூன்றாம் முறை தோற்றபின் தகவல் பலகையில் இட்ட கேள்வியிலும்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் அக்கால நெகிழ்வட்டுகள் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். யூ.எஸ்.பி. நெகிழ்வட்டு டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல், டிடிரெஸ்க்யூ நிரலால் வட்டு முழுவதையும் ஒரே படிமமாக எடுங்கள். படிக்க முடியாத பகுதிகளின் பட்டியலை அந்நிரல் தனிக் கோப்பில் எழுதும். அதையும் சேர்த்து வையுங்கள். லேபிளின் இருபுறமும் படமெடுங்கள். வட்டு யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்பது நினைவிருந்தால் அதை ஒரு வரி எழுதிவையுங்கள். எந்தப் படிமக் கோப்பிலும் அது இருக்காது.