நிழலின்மேல் எழுதிய ஓவியம்

‘தஸ்வீர்’ என்னும் அரபுச் சொல்லுக்கு உருவமைத்தல் என்பது பொருள். தூரிகையால் எழுதும் ஓவியத்தையும் கருவியால் எடுக்கும் படத்தையும் அரபியர் இந்த ஒரே சொல்லால் வழங்கினர். தமிழரோ இரண்டையும் பிரித்தே பெயரிட்டனர். கையால் எழுதுவது ஓவியம். கருவியில் பதிவது நிழற்படம். இச்சொல்லாட்சி எளியதாகத் தோன்றினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்து நாட்டு உலமாக்களிடையே எழுந்த பெரியதொரு விவாதத்தின் விடை இதனுள் அடங்கியிருக்கிறது.

எகிப்தின் முஃப்தியாக 1914 முதல் சில ஆண்டுகள் பதவி வகித்தவர் ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ அவர்கள். புகைப்படம் ஆகுமா என்னும் வினாவுக்கு விடையாக அவர் தனி நூலொன்று இயற்றினார். கருவி புதிதாக எதையும் படைப்பதில்லை. இறைவன் படைத்த ஒன்றின் நிழலை ஓரிடத்தில் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே அது ‘ஹப்ஸுழ் ழில்’, அதாவது நிழலைச் சிறைப்படுத்தல் என்பது அவர் வாதம். இந்திய உலமாக்களில் பலர் இதனை ஏற்கவில்லை. அச்சட்ட விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் எடுத்துக்கொள்வது வேறொரு வினா. சிறைப்பட்ட நிழலின்மேல் ஒருவன் தூரிகையால் வண்ணம் தீட்டினால், அது நிழற்படமா, ஓவியமா? அதில் காண்பது மெய்யா, மெய்யை மீறிய ஒன்றா?

இவ்வினா ஏட்டில் மட்டும் உள்ளதன்று. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய ஊர்களின் பெரிய வீடுகளில், முகப்பிலும் வளவிலும் மாட்டப்பட்டிருக்கும் முன்னோர் படங்கள் பலவும் இவ்வினாவை எழுப்புவனவே. அப்படங்கள் சுவரேறிய அதே காலத்தில் ஐரோப்பாவிலும் கொழும்பிலும் கெய்ரோவிலும் ‘சர்ரியலிசம்’ என்றோர் இயக்கம் இதே வினாவை வேறொரு நோக்கத்தோடு எழுப்பிக்கொண்டிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது.

இருட்டறை

நிழற்படத்தின் கதை ஓர் இருட்டறையில் தொடங்குகிறது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் கி.பி. 1040-ஐ ஒட்டி மறைந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலின் ஆசிரியர். சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே வரும் ஒளி எதிர்ச்சுவரில் பிறைவடிவாய் விழுவதைத் தனியொரு நூலில் ஆராய்ந்தார். அவர் ஆய்வைப் பாரசீகத்துக் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலும் வளர்த்தார். ‘கேமரா’ என்னும் சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று எழுதுவோர் உளர்; அது பொருந்தாது. அறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. சொல்லுக்கு உரிமை கொண்டாட வேண்டிய தேவை நமக்கில்லை. ஆய்வின் பெருமையே போதும்.

அவ்வறையில் விழுந்த உருவத்தைத் தகட்டில் நிலைநிறுத்தும் முறையைப் பிரெஞ்சுக்காரர் தாகேர் கண்டார். அது 1839-இல் உலகுக்கு வெளியிடப்பட்டது. சென்னையில் 1856-இல் புகைப்படக் கழகம் தோன்றியது. லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். கோயிலையும் கோட்டையையும் பதிவு செய்ய வந்த கருவி, சில பத்தாண்டுகளில் குடும்பங்களின் முன்னே வந்து நின்றது.

வண்ணம் தீட்டிய முன்னோர்

நகரத்தார் பெருமக்கள் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய வரலாறு அன்பர்கள் அறிந்ததே. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலமும், பெருமந்தத்தின் விளைவாகக் கடன்கள் நிலமாய்த் திரும்பிய பின் 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு நிலமும் அவர்கள் கைக்கு வந்தன. கடை நடத்தச் செல்லும் முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் செல்வார். மனைவி மக்கள் ஊரில் இருப்பர். இளையான்குடி முதலிய ஊர்களிலிருந்து அதே கப்பல்களில் ஏறிச்சென்ற முஸ்லிம் வணிகர்களின் இல்லங்களிலும் இந்தப் பிரிவு வழக்கமாயிருந்தது. பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், பெல்ஜியக் கண்ணாடியும் வந்து சேர்ந்த வீட்டில், வராமல் போனவர் வீட்டுக்காரர் ஒருவரே.

இந்நிலையில்தான் நிழற்படம் ஒரு தேவையாயிற்று. அக்காலப் படநிலையங்கள் வெறும் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. ஊரில் இருக்கும் மனைவியின் உருவத்தையும், கடல்கடந்திருக்கும் கணவரின் உருவத்தையும் தனித்தனியே வெட்டி, ஒரே அட்டையில் ஒட்டி, இணைந்த இடத்தைத் தூரிகையால் மறைத்து, மீண்டும் படமெடுத்துக் கொடுத்தன. இறந்த தந்தையும், அவர் காணாத பேரனும் ஒரே சட்டத்துக்குள் அமர்ந்தனர். மூடிய விழிகளைத் தூரிகையால் திறந்துவைத்த படங்களும் உண்டு. தமிழகமெங்கும் 1880 முதல் ஒரு நூற்றாண்டுக் காலம் இயங்கிய படநிலையங்களின் இத்தகைய படங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு திரட்டி, எண்முறைப் பதிவுகளாகச் சேமித்துள்ளனர்.

செல்வர் வீடுகளில் இக்கலை இன்னும் ஒருபடி சென்றது. பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் ஓவியர் எண்ணெய் வண்ணமோ நீர் வண்ணமோ தீட்டினார். தஞ்சாவூர்ப் பாணியில் பலகையும் பொன்தாளும் கல்லும் வைத்துத் தெய்வப்படம் எழுதிப் பழகிய நாடு இது. இரவிவர்மா அச்சுப்படங்களுக்குப் பட்டுத்துணியும் சரிகையும் பாசிமணியும் வைத்து அலங்கரிப்பதும் செட்டிநாட்டில் வழக்கம். அந்தக் கைப்பழக்கம் நிழற்படத்தின்மேலும் இறங்கியது.

அத்தகைய படமொன்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு வியப்பு புலப்படும். முகத்தை ஓவியர் பெரும்பாலும் தொடுவதில்லை. அதில் ஒரு பக்கத்திலிருந்து வந்த வெளிச்சமும், கன்னத்துக் குழியும், நரைத்த புருவமும் கருவி பதித்தவாறே இருக்கும். கழுத்துக்குக் கீழே உலகமே மாறிவிடும். சரிகை அங்கவஸ்திரமும், மேசையும், மணிப்பொறியும், மலர்ச்சாடியும் தட்டையான பளபளக்கும் வண்ணங்களாகும். தரையில் கிடக்க வேண்டிய கம்பளம் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும். அதன்மேல் வைத்த பாதங்கள் ஊன்றாமல் மிதக்கும். பின்னே, அந்த மனிதர் வாழ்நாளில் கண்டிராத மாடிப்படியும் பூங்காவும் ஏரியும் தெரியும். ஒரே சட்டத்துக்குள் இரண்டு வகைப் பார்வைகள்! முகம் ‘இவர் இருந்தார்’ என்று சாட்சி சொல்கிறது. சுற்றியிருப்பதோ ‘இப்படி இருந்திருக்கலாகாதா’ என்று ஏங்குகிறது.

பாரிஸ் நகரத்து இயக்கம்

‘சர்ரியல்’ என்னும் சொல்லைக் கவிஞர் அப்பொலினேர் 1917-இல் ஆக்கினார். 1924-இல் ஆந்திரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையால் அது இயக்கமாயிற்று. அதனைத் தமிழில் மீமெய்ம்மை எனலாம். முதல் உலகப்போரில் இலட்சக்கணக்கானோர் மடிந்த பின், அறிவையும் ஒழுங்கையும் பேசிய சமுதாயத்தின்மீது இளைஞர்க்கு ஏற்பட்ட வெறுப்பே அதன் வேர். கனவும் நனவும் கலந்த ஒரு பெருமெய்யைத் தேடுவதாக அவர்கள் கூறினர்.

மாக்ஸ் எர்ன்ஸ்ட் பழைய நூல்களின் சித்திரங்களை வெட்டி ஒட்டி 1929-இல் ஒரு படக்கதை வெளியிட்டார். சல்வதோர் தாலீ 1931-இல் உருகி வழியும் கடிகாரங்களை எழுதினார். மான் ரே என்பார் கருவியே இல்லாமல் ஒளித்தாளின்மேல் பொருள்களை வைத்து நிழலைப் பதித்தார். படம் கழுவப்படும்போது நடுவே வெளிச்சம் காட்டி, கறுப்பு வெளுப்பாகவும் உருவத்தின் ஓரம் கோடாகவும் மாறும் முறையையும் அவர் கையாண்டார்.

இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் வேண்டியது ஒரு முதியவரின் செய்தி. எழேன் அட்ஜே என்பவர் பாரிஸின் பழைய தெருக்களையும் கடைச் சாளரங்களையும் பல்லாண்டு படமெடுத்து ஓவியர்க்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் விற்று வாழ்ந்தவர். 1926-இல் இவ்வியக்கத்தாரின் இதழ் அவர் படமொன்றை முகப்பில் வெளியிட்டது. தம் பெயரைப் போடவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். தாம் எடுத்தவை வெறும் ஆவணங்களே என்பது அவர் கருத்து. அவர் ஆவணம் எனக் கொடுத்ததை அவ்விளைஞர்கள் கனவு எனக் கண்டனர். நம் படநிலையக்காரரும் அட்ஜேயின் இனத்தவரே. கனவு செய்வதாக அவர் எண்ணியதில்லை. குடும்பத்துக்கு வேண்டிய ஆவணத்தையே செய்தார்.

கொழும்பும் கெய்ரோவும்

இவ்வியக்கம் ஐரோப்பாவோடு நின்றதன்று. நகரத்தாரின் கடைகள் நிறைந்த செட்டியார் தெருவை உடைய அதே கொழும்பு மாநகரில் லயனல் வெண்ட் (1900–1944) வாழ்ந்தார். சட்டம் பயின்றவர், பியானோ வல்லுநர், இருந்தும் நிழற்படமே அவர் பெயரை நிலைநாட்டியது. மான் ரேயின் முறைகளைக் கற்று, இலங்கையின் கடற்கரையையும் உழைப்பாளிகளின் உடலையும் சிதைந்த சிற்பங்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் கனவுத் தோற்றங்களாக்கினார். 1943-இல் இலங்கையின் நவீன ஓவியர்கள் அவர் இல்லத்தில் கூடித் தொடங்கிய குழுவே ‘நாற்பத்துமூன்று குழு’. மறு ஆண்டே அவர் மறைந்தார். அவருடைய மூலத்தகடுகள் பின்னர் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப்படிகளைக் கொண்டே இன்று அவரை அறிகிறோம்.

கெய்ரோவில் ஜார்ஜ் ஹுனைன், ரம்சீஸ் யூனான் முதலியோர் ‘அல்ஃபன்னு வல் ஹுர்ரிய்யா’ (கலையும் விடுதலையும்) என்னும் குழுவை அமைத்தனர். நாஜிகள் நவீன ஓவியங்களை ‘இழிந்த கலை’ என்று பெயரிட்டு 1937-இல் மூனிக் நகரில் இழிவுபடுத்திக் காட்டினர் அல்லவா? அதற்கு மறுமொழியாக, ‘இழிந்த கலை வாழ்க’ என்று 1938 டிசம்பரில் இக்கெய்ரோ இளைஞர்கள் அறிக்கை விடுத்தனர். சர்வாதிகாரத்தை எதிர்த்து அரபு மண்ணிலிருந்து எழுந்த அக்குரல் நினைவில் வைக்கத்தக்கது.

பிற்காலத்தில் அரபுக் கவிஞர் அதோனிஸ், தஸவ்வுஃபையும் சர்ரியலிசத்தையும் ஒப்பிட்டு 1992-இல் ஒரு நூலே எழுதினார். கண்ணுக்குப் புலப்படாததைத் தேடுவதில் இரண்டுக்கும் ஒப்புமை உண்டு. ஆயினும் ஸூஃபிக்குப் பயணத்தின் முடிவில் ஒரு சந்நிதானம் உண்டு. மற்றவர்க்குப் பயணமே முடிவு. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றாக்குதல் தகாது.

சென்னை ஓவியர்

தமிழ் ஓவியரில் கனவுலகை எழுதியவர் என்று முதலில் குறிக்கத்தக்கவர் கே. ராமானுஜம். சென்னை ஓவியப்பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர், 1966-இல் பணிக்கர் தலைமையில் தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர். நுண்ணிய மைக்கோடுகளால் மாளிகைகளையும், சிறகு முளைத்த உயிர்களையும், பாம்புகளையும், அவற்றினிடையே தொப்பியணிந்த ஓர் உருவத்தையும் எழுதினார். 1973-இல் முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எழுத்தாளர் சி. மோகன் அவர் வாழ்வை நாவலாக்கியுள்ளார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1974-இல், கவிக்கோ அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ வெளிவந்தது. இம்முறை தமிழ்க் கவிதையிலும் கால்கொண்டதற்கு அந்நூல் சான்று.

பர்ஸக்

இனி நம் வினாவுக்கு வருவோம். செட்டிநாட்டுச் சுவர்ப்படங்களைச் சர்ரியலிசம் எனலாமா? ஆகாது என்பதே நேரிய விடை. பாரிஸ் ஓவியன் தன் கண்முன் இருந்த மெய்யை உடைக்க விரும்பினான். நம் ஓவியரோ, கடலாலும் சாவாலும் உடைந்துபோன மெய்யை ஒட்டவைக்க விரும்பினார். கத்தரிக்கோல் ஒன்றே, பசை ஒன்றே, கருத்து எதிரெதிர். ஆயினும் விளைவில் இருவரும் ஓரிடத்துக்கே வந்து சேர்ந்தனர்.

அவ்விடத்துக்கு அரபியில் ஒரு பெயர் உண்டு. இரு பொருள்களுக்கு இடையே நின்று, இரண்டையும் பிரித்து இரண்டோடும் தொடர்புற்றிருப்பது ‘பர்ஸக்’. மரணத்துக்கும் மறுமைக்கும் இடைப்பட்ட நிலைக்கும் அதுவே பெயர். ஷைகு முஹ்யித்தீன் இப்னு அரபீ (1165–1240) கற்பனையுலகத்தையும் பர்ஸக் என்றே வழங்கினார். அதற்கு அவர் காட்டும் உவமை கண்ணாடியில் தெரியும் உருவம். அது உண்டு என்றாலும் முழு உண்மையன்று. இல்லை என்றாலும் முழு உண்மையன்று. ரங்கூனில் இருந்த கணவரும் கானாடுகாத்தானில் இருந்த மனைவியும் சேர்ந்து அமர்ந்திருக்கும் படம் பொய்யா? அவர்கள் அவ்வாறு அமர்ந்ததில்லை, ஆகவே மெய்யன்று. அவர்கள் கணவனும் மனைவியுமே, ஆகவே பொய்யுமன்று.

பெயரிழந்த முகங்கள்

ஜப்பானியப் படையெடுப்பால் 1942-இல் பர்மாவிலிருந்து இந்தியர் நடையாய் நடந்து திரும்பினர். 1960-களில் எஞ்சியவையும் நாட்டுடைமையாயின. வீடுகள் பங்காளிகளிடையே பிரிந்தன, பல பூட்டப்பட்டன, சில இடிக்கப்பட்டுத் தேக்குத்தூண்களாய் விற்கப்பட்டன. அவற்றோடு முன்னோர் படங்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. வாங்கிச் செல்வோர்க்கு அது அழகிய விசித்திரம். எந்தப் பிரிவை மறைப்பதற்காக அந்த ஓவியர் தூரிகை எடுத்தாரோ, அந்தப் பிரிவு இப்போது முழுமையாகிவிட்டது.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. கட்டடத்துக்குக் கிடைத்த கவனம் படத்துக்கும் கிடைக்கவேண்டும். இது ஆகாத செயலன்று. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா (1926–1992), பிறர் கழித்த புத்தகங்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் தேடித்தேடிச் சேர்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அச்சேகரம் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாய் விளங்குகிறது. தனிமனிதர் ஒருவர் செய்தது இது.

நாம் செய்யவேண்டியதோ இதனினும் எளிது. வீட்டில் பழைய படம் உள்ள அன்பர்கள், மூத்தோர் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், உறவு, தெரிந்தால் ஆண்டு ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் படம் மாட்டும் வழக்கமில்லை என்போரிடமும் கடவுச்சீட்டுப் படமோ கப்பலேறுமுன் எடுத்த படமோ பெட்டியடியில் ஒன்றேனும் இருக்கும். அதனையும் எடுத்து எழுதுங்கள். இன்றே செய்யுங்கள், கேட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர்.